கரையின் மேல் குற்றமில்லை

அந்தக் கால்வாய்க் கரைக்குச் சிமெண்ட் பூச வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் சார். முதலில் நகராட்சி அலுவலகத்துக்குத்தான் போனேன். கரை ஆபத்தானது என்று போலீஸ் தரப்பிலிருந்து அறிக்கை வந்திருக்கிறது, அறிக்கை மாறினால்தான் வேலை நிற்கும் என்று அங்கே இருந்த அம்மா சொன்னார். அறிக்கை எழுதியவர் நீங்கள். அதனால் இங்கே வந்தேன்.

நீங்கள் எழுதியதை அந்த அம்மாவின் மேசையிலேயே படித்தேன். ‘மழையால் மண் இளகி, கரை தானாகச் சரிந்து’ என்று இருக்கிறது. மழை அவ்வளவாக இல்லை. கரை தானாகவும் சரியவில்லை. மற்றபடி நல்ல நடை. அந்தக் கரை நல்ல கரை சார். களிமண்ணும் மணலும் சரியான பதத்தில் கலந்த கரை. அதன் மேல் பழியைப் போட்டுச் சிமெண்ட் பூசினால் அடுத்த பருவத்துக்கு மீன்கொத்திகள் எங்கே போகும். அதை யோசித்துத்தான், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். தட்டச்சு செய்கிறவர் கொஞ்சம் மெதுவாகத் தட்டுகிறார். பரவாயில்லை, நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். தேநீர் வேண்டாம், நன்றி.

நான் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஒரு முழுநேர வேலைதான். ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அத்தான் பல் டாக்டர். இறந்துபோனவர் அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

தினமும் காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது என் பழக்கம். தெருமுனையில் பேக்கரி. அதைத் தாண்டினால் கார் பழுதுபார்க்கும் கொட்டகை. கொட்டகையின் பின்சுவரை ஒட்டித் தொடங்குவதுதான் கால்வாய்ப் பாதை. பறவைகளைப் படமெடுக்கக் காடு மலை எல்லாம் ஏற வேண்டும் என்பது படமெடுக்காதவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி. கொட்டகைக்காரர் தூக்கிப் போட்ட டயருக்குள் தேங்கிய தண்ணீரில் வாலாட்டிக் குருவி குளிக்கும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு நிபந்தனை, நாம் நின்று, நிதானித்து, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இந்த மூன்றும் கைவந்தவை. வேலை தேடுகிறவனிடம் இந்த மூன்றையும் யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

போன வருடம் அத்தானுக்கு மார்பு வலி வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இதய டாக்டர் அவரைத் தினமும் நடக்கச் சொன்னார். ஒரு டாக்டர் சொல்வதை இன்னொரு டாக்டர் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அக்கா கேட்க வைத்தாள்.

“டேய், நீ எப்படியும் போறே இல்ல, அவரையும் கூட்டிட்டுப் போ. தனியா விட்டா பேக்கரி வரைக்கும்தான் நடப்பார். திரும்பி வர்றப்போ யார் வண்டியிலயாவது தொத்திட்டு வருவார்.”

“நான் வேகமா நடக்கமாட்டேன்க்கா. நின்னு நின்னுதான் போவேன்.”

“அவரும் நின்னு நின்னுதான் போவார். பொருத்தம் பார்த்த மாதிரி இருக்கு.”

அத்தான் நல்ல மனிதர். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதிக்கொள்வது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலை இல்லாத மைத்துனன் வீட்டில் இருக்கிறானே என்று அவர் முகம் சுளித்ததே இல்லை. யாராவது விசாரித்தால், “நம்ம மச்சான் பெரிய போட்டோகிராஃபர், பறவை ஸ்பெஷலிஸ்ட்” என்று எனக்குப் பட்டமே கொடுத்துவிடுவார்.

அவருக்குப் பேச்சுதான் மூச்சு. அது தொழில் கொடுத்த பழக்கம். வாயில் பஞ்சும் குழாயும் வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடம் பேசிப் பேசியே பழகியவர். எதிரில் இருப்பவர் பதில் சொல்லமாட்டார் என்பது அவருக்கு இயல்பான நிலை. கேள்வி கேட்பார், தானே பதில் சொல்வார், அந்தப் பதிலைத் தானே பாராட்டுவார். நான் பேசாமல் வருவது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. நாங்கள் நன்றாக ஒத்துப்போகிறோம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

நடைக்கு அவர் போட்டுக்கொண்டு வந்தது ஓர் ஆரஞ்சு பனியன். ஏதோ பற்பசைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. முதுகில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டிருக்கும். இதற்கு மேல் அவருடைய ஆள்காட்டி விரலுக்கு ஒரு சக்தி இருந்தது. அது எந்தக் கிளையை நோக்கி நீண்டாலும் அந்தக் கிளை அடுத்த நொடி காலியாகிவிடும்.

“மச்சான், அதோ பாரு, அந்தக் கிளையில, அதோ... அட, போயிடுச்சே.”

ஒருநாள் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“அத்தான், கொஞ்சம் சத்தமில்லாம வந்தா நல்லா இருக்கும்.”

“தாராளமா. இனிமே நான் வாயைத் திறக்கவே மாட்டேன். எனக்கு என்ன, நான் அடுத்தவனைத்தானே திறக்கச் சொல்றவன்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் அரைமணி நேரமாகக் காத்திருந்த தாழைக்கோழி கோரைக்குள் ஓடிவிட்டது. அதைப் பார்த்ததும் உண்மையிலேயே வருத்தப்பட்டு, மன்னிப்புக் கேட்டார். சத்தமாக.

இனி மீன்கொத்திக்கு வருகிறேன். இது கொஞ்சம் தொழில்நுட்பம், ஆனால் உங்கள் அறிக்கைக்கு இதுதான் முக்கியம்.

மீன்கொத்தி மரத்தில் கூடு கட்டாது. தண்ணீரோரத்து மண்சுவரில் பொந்து குடைந்து அதற்குள் முட்டையிடும். அதற்குச் சுவர் செங்குத்தாக இருக்க வேண்டும், புல் பூண்டு வேர் எதுவும் இருக்கக் கூடாது. பிடிமானம் இருந்தால் பாம்பும் எலியும் ஏறிவிடும். அதனால் எங்கள் வட்டத்தில், அதாவது பறவைப் படமெடுக்கிற எங்கள் கைப்பேசிக் குழுவில், சிலர் பருவத்துக்கு முன்பே போய்க் கரையைச் செதுக்கி வைப்பார்கள். மண்வெட்டியால் ஒரு முகம் எடுத்து, கொத்தனார் கரண்டியால் வழித்துவிட்டால் புதுச் சுவர் மாதிரி இருக்கும். மழைத் தண்ணீர் பொந்துக்குள் வழியாமல் இருக்க, மேல் விளிம்பைத் தொடாமல் அடியில் மட்டும் ஒரு சாண் உள்வாங்கிச் செதுக்க வேண்டும். மேலே இருக்கும் புல் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு பொந்து வரப்போகும் இடத்துக்கு முன்னால் தண்ணீரில் அழகான குச்சி ஒன்றை நட வேண்டும். பறவை மீனோடு வந்து முதலில் அதில் உட்காரும். நாம் எதிர்க்கரையில் பச்சைத் துணி மறைவுக்குள் காத்திருந்து எடுக்கலாம். இதில் பறவைக்கும் லாபம், நமக்கும் லாபம். யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தக் கரை இரண்டு ஆள் உயரம் இருக்கும். மேலே நடைபாதை, பாதைக்கும் விளிம்புக்கும் நடுவே புல். நான் முகம் எடுத்தேன், வழித்தேன், குச்சி நட்டேன். பாசி பிடித்த, லேசாக வளைந்த குச்சி. அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே பல நாள் ஆயிற்று. சொன்னபடி ஒரு ஜோடி வந்தது. என் சுவரில் பொந்து போட்டது. என் குச்சியில் மட்டும் உட்காரவில்லை. பாதையோரத்துத் துருப்பிடித்த இரும்புக் குழாயில் போய் உட்கார்ந்தது. நான் மறைவுக்குள் நுழையும் நாளெல்லாம் தூரத்திலேயே சுற்றிவிட்டுப் போய்விடும். அத்தானுடைய ஆரஞ்சுதான் காரணம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இந்தச் சமயத்தில் அத்தான் என்னிடம் ஒரு படம் கேட்டார். கிளினிக்கில் மாட்டுவதற்கு.

“சுவத்துல இல்ல மச்சான், கூரையில. நாற்காலியில படுத்தா கண்ணு எங்க போகும். கூரைக்குத்தானே. அங்க ஒரு மீன்கொத்தி இருந்தா பல்லு பிடுங்கறதுகூடத் தெரியாது.”

நான் எடுத்ததிலேயே சிறந்ததைக் கொடுத்தேன். விடியற்காலைப் பனி, கோரைப்புல், தண்ணீரில் வானத்தின் சாயல், இடது மூலையில் பறவை. பறவையை அப்பட்டமாகப் பெரிதாகக் காட்டுவது என் பாணி அல்ல. பறவையையும் அதன் சூழலையும் சேர்த்துக் காட்டுவதுதான் என் பாணி. அத்தான் அதைப் பெரிதாக அச்சடித்து ஒட்டினார். அடுத்த வாரம் சாப்பிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“எல்லாருக்கும் பிடிச்சிருக்கு மச்சான். ஆனா பறவை எங்க இருக்குன்னு கேக்குறாங்க. நான் கைய நீட்டிக் காட்டினா, அந்த இலையா டாக்டர்ங்கறாங்க.”

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. ரசனை என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

சில நாள் கழித்து, நான் எதிர்க்கரையில் மறைவுக்குள் இருந்தபோது, அத்தான் பாதையில் நடந்தபடி யாருக்கோ கைப்பேசியில் பல்வேர் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியைப் போட்டு. மீன்கொத்தி அவருக்கு ஒரு கை தூரத்தில், அந்த இரும்புக் குழாயில் வந்து உட்கார்ந்தது. வாயில் மீன். அவர் பேச்சை நிறுத்தாமலே கைப்பேசியைத் திருப்பி ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் காட்டினார். பறவை படம் முழுக்க நிறைந்திருந்தது. கண்ணில் ஒளிப்புள்ளி இருந்தது. மீனின் செதில்களை எண்ணலாம் போலிருந்தது. தண்ணீர்ச் சொட்டு ஒன்று அலகிலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

“மச்சான், ஒரு சந்தேகம். மீனோட தலை வெளிப்பக்கமா இருக்கே. தான் திங்கறதா இருந்தா தலை உள்ள போற மாதிரிதானே பிடிக்கும், அப்பதான் செதில் தொண்டையில குத்தாது. இது யாருக்கோ ஊட்டறதுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு. குஞ்சு பொரிச்சிருச்சோ?”

வாயைப் பார்ப்பது அவர் தொழில். அதனால் தெரிந்திருக்கிறது. பருவம் முழுக்க அந்தப் பொந்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த நான் அதைக் கவனித்திருக்கவில்லை. என் இடத்திலிருந்து அது தெரிய வாய்ப்பில்லை.

“இருக்கலாம்” என்றேன்.

கூரையில் என் படம் போய் அந்தப் படம் வந்தது. அக்கா அதைத் தன் கைப்பேசியில் முகப்புப் படமாக வைத்தாள். இதில் எதுவும் எனக்கு ஒரு பொருட்டில்லை. அத்தான் ஆர்வக் கோளாறில் அதை எங்கள் குழுவில் போடச் சொன்னார். போட்டேன். எங்கள் வட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒருவர் இருக்கிறார். கழுத்திலிருந்து எப்போதும் லென்ஸ் தொங்குவதால் லென்ஸ் அண்ணன் என்போம். என் படங்களுக்குக் கட்டைவிரல் மட்டும் போடுகிறவர். அன்றைக்குக் கூப்பிட்டே பேசினார்.

“யாருப்பா இது எடுத்தது. போன்லயா. ஆளைக் குழுவுல சேத்து விடு.”

“அவர் சத்தமா பேசிட்டே நடப்பார்ண்ணே. பறவை எல்லாம் பயந்துடும்.”

“பேசிட்டே போறவனைப் பார்த்துப் பறவை ஏன் பயப்படணும். அவன் இருக்கற இடம் அதுக்குத் தெரியும். ஒளிஞ்சு நிக்கறவனைத்தான் அது நம்பாது.”

இதை லென்ஸ் அண்ணனின் தனிப்பட்ட கருத்து என்றுதான் எடுத்துக்கொண்டேன். அத்தானைக் குழுவில் சேர்த்தேன். மறுநாளே அவர் எல்லோருக்கும் காலை வணக்கம் போட்டார். சிரிக்கும் சூரியன், இரண்டு ரோஜாப்பூ, நடுவில் ஒரு பல். நாற்பது பேர் திருப்பி வணக்கம் போட்டார்கள்.

இதையெல்லாம் பின்னணிக்காகச் சொல்கிறேன். நான் செய்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. எனக்குப் பறவைகளின் நலன்தான் முக்கியம். குஞ்சு பொரித்த கூட்டுப் பக்கம் ஆள் நடமாட்டம் கூடாது. அத்தானோ ஒரு படம் நன்றாக வந்த உற்சாகத்தில் தினமும் இரண்டு முறை போக ஆரம்பித்தார். தொலைநோக்கி வாங்கினார். பறவைப் புத்தகம் வாங்கினார். என்னிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சில சமயம் எனக்குத் தெரியாததையே கேட்டார்.

அதனால் கரையில் மறுபடி வேலை பார்த்தேன். பொந்திலிருந்து நான்கைந்து எட்டுத் தள்ளி, கால்வாய் லேசாக வளைகிற இடத்தில். இன்னொரு ஜோடி வந்தால் அதற்கும் இடம் வேண்டும் அல்லவா. அத்தான் கிளினிக்கில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவேன். வழியில் போகிறவர்கள் விசாரித்தால், பறவைக்கு வீடு கட்டுகிறேன் என்பேன். ஒருவர் கைதட்டிவிட்டுப் போனார்.

அடியில் ஒரு சாண் உள்வாங்கினேன். அந்த ஒரு சாண் வரைக்கும் அது பறவைக்கானது. அதற்கு மேல் பறவைக்குத் தேவையில்லை. அதற்கு மேலும் செதுக்கினேன். முதலில் முழங்கை அளவு. அப்புறம் தோள் வரை கை போகிற அளவு. உள்ளே மண் குளிர்ச்சியாக, வெண்ணெய் மாதிரி வந்தது. வெட்டிய மண்ணைத் தண்ணீரில் கரைத்துவிட்டேன். மேலே புல் அப்படியே இருந்தது. பாதையிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பொதுமக்கள் பாதுகாப்பையும் நான் யோசிக்காமல் இல்லை. சாதாரணமாக நடப்பவர்கள் பாதையை விட்டு விளிம்புக்கு வரமாட்டார்கள். விளிம்பில் போய் நின்று கீழே எட்டிப் பார்க்க ஒரு காரணம் வேண்டும்.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. அத்தான் இளைத்துக்கொண்டே வந்தார்.

“எட்டு கிலோ குறைஞ்சிருக்கார்டா” என்று அக்கா பூரித்துப்போய்ச் சொன்னாள். “இதய டாக்டர் நம்பவே இல்ல. எல்லாம் உன்னாலதான்.”

அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னும் ஒரு முழம் உள்ளே போனேன்.

அன்றைக்குக் காலையில் நாங்கள் வழக்கம்போலக் கிளம்பினோம். பேக்கரியில் அவருக்குச் சர்க்கரை இல்லாத தேநீர். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். கொட்டகைக்காரரிடம் அவருடைய கடைவாய்ப்பல்லை நலம் விசாரித்தார். பாலத்தில் நாங்கள் பிரிவது வழக்கம்; நான் எதிர்க்கரைக்குப் போவேன், அவர் மேல்பாதையில் நடப்பார். அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

“அத்தான், அந்த வளைவுகிட்ட, பாதைய விட்டு இறங்கி விளிம்புல நின்னா பொந்து நல்லாத் தெரியும். மேல இருந்து எடுத்தா முதுகு நீலம் முழுசா விழும்.”

அவர் நின்றுவிட்டார். அத்தனை மாதத்தில் நானாக அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் அதுதான்.

“நிஜமாவா மச்சான். நீ எடுக்கலையா?”

“இல்ல. நீங்க எடுங்க.”

அவர் என் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் மறைவுக்குள் போய்க் கேமராவை முக்காலியில் பொருத்தினேன். எதிரே ஆரஞ்சு நிறம் பாதையை விட்டு இறங்குவது தெரிந்தது. என் யோசனைப்படியே, சத்தமில்லாமல், காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தார். விளிம்பில் நின்றார். கைப்பேசியை நீட்டினார். மீன்கொத்தி மீனோடு பொந்துக்கு முன்னால் வந்து, அந்தரத்தில் சிறகடித்து நின்றது. அவர் ஒரு தட்டுத் தட்டுவதைப் பார்த்தேன். நிமிர்ந்து என் பக்கமாகக் கட்டைவிரலைக் காட்டினார். பிறகு கரை இறங்கியது.

விழுந்தார் என்று சொல்லமாட்டேன். கரையும் அவரும் சேர்ந்து இறங்கினார்கள். பெரிய சத்தம் எதுவும் இல்லை. தண்ணீர் ஒருமுறை மேலேறி அடங்கியது. கலங்கல் தெளிந்தபோது ஆரஞ்சு எங்கேயும் தெரியவில்லை. மண்குவியலிலிருந்து ஒரு கை மட்டும், முழங்கை வரை, வெளியே நின்றது.

நான் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். குஞ்சுள்ள கூட்டுக்குத் தாய்ப் பறவை திரும்பும் நேரத்தில் மறைவை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் அது கூட்டையே கைவிட்டுவிடும். இது அடிப்படைப் பாடம்.

கூடும் போய்விட்டது என்பதை அப்போதுதான் பார்த்தேன். மண் நான் நினைத்த இடத்தில் நிற்காமல் பொந்து வரைக்கும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. இது என் தவறு சார். மண்ணின் பிடிமானத்தைத் தப்பாகக் கணக்கிட்டுவிட்டேன். உள்ளே எத்தனை குஞ்சு இருந்தன என்றுகூடத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் என்னைக் குற்றவாளி என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்கமாட்டேன். இதை நினைத்துப் பல ராத்திரி தூங்கவில்லை.

பறவை திரும்பி வந்தது. பொந்து இருந்த இடத்துக்கு முன்னால் சிறகடித்து நின்றது. போனது. மறுபடி வந்தது. அதற்கு உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. நான் நட்ட குச்சியும் பாதையோரத்து இரும்புக் குழாயும் மண்ணுக்குள் போய்விட்டன. அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு மேல் உயரமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் உட்கார்ந்தது.

விரல்கள் அசைந்தன. பறவை பறந்துவிட்டது. அந்த நிலையிலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் காத்திருந்தேன். எங்கள் வேலையில் பாதி அதுதான். அடுத்த முறை பறவை வந்து உட்கார்ந்தபோது எதுவும் அசையவில்லை. மீனை வாயில் வைத்துக்கொண்டு, வேண்டிய மட்டும் உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. லென்ஸ் அண்ணன்கூட, இந்தக் கிளையை எங்கே பிடித்தாய் என்றுதான் கேட்டார்.

தட்டச்சு நின்றுவிட்டது போலிருக்கிறது. அவசரமில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்லபடியாகப் பேசினார்கள். குடியிருப்போர் சங்கத்தார் கிளினிக் வாசலில் ஒரு பேனர் வைத்தார்கள். ‘பறவை நேசர்’ என்று போட்டு, அந்த இரும்புக்குழாய்ப் படத்தை அடியில் அச்சடித்திருந்தார்கள். அக்கா அதிகம் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி நிமிஷத்துல நீயாவது கூட இருந்தியேடா, அது போதும்” என்றாள். நானும் ஆமாம் என்றேன். அது பொய் இல்லையே. இந்த விவரத்தை அக்காவிடம் நீங்களே சொன்னால் நல்லது. அவளுக்கு எதையும் படிப்படியாகச் சொன்னால்தான் விளங்கும், கணக்கு டீச்சர்.

ஆக, அறிக்கையில் மாற்ற வேண்டியது இவ்வளவுதான். மழை இல்லை. ‘தானாக’ இல்லை. நான் செதுக்கினேன், நான் நிற்கச் சொன்னேன், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையின் மேல் குற்றமில்லை. அதை மண்ணாகவே விட்டுவிட வேண்டும். எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நகராட்சிக்கு ஒரு நகல் அனுப்ப மறந்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. அத்தானின் கைப்பேசியில் அன்றைக்கு எடுத்த படம் எதுவும் இல்லையே என்று நீங்கள் அக்காவிடம் கேட்டீர்களாம். இருந்தது. பாலத்தைச் சுற்றி மேல்பாதைக்கு நான் வந்தபோது, அவர் கையிலிருந்து தெறித்த கைப்பேசி புல்லில் கிடந்தது. கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்ற முடியாதென்று அவர் அதற்குப் பூட்டே வைத்ததில்லை. திறந்தேன். குஞ்சு இருக்கும் கூட்டருகே எடுத்த படத்தை யாரும் வெளியிடக் கூடாது என்பது எங்கள் வட்டத்தின் விதி, அத்தானும் குழுவில் சேரும்போது ஒத்துக்கொண்ட விதி. அந்த விதிப்படிதான் அழித்தேன். அழிப்பதற்கு முன்னால், படம் என்ற முறையில், அங்கேயே புல்லில் உட்கார்ந்து பார்த்தேன். சிறகுகள் இரண்டும் விரிந்திருந்தன. முதுகின் நீலம் முழுசாக விழுந்திருந்தது. கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அலகைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மீனைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு குறையாவது இருக்கும் என்று நினைத்தேன். எங்கேயும் மங்கலில்லை என்று நிச்சயமான பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.